ஃபேர்மவுண்ட் பூங்காவில் நான்கு நாள்: நின்ற வீடும் வந்த வீடும்

முதல் நாள்: லெமன் ஹில்

ஃபிலடெல்ஃபியாவுக்கு வருகிறவர்கள் விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்ப்பார்கள், கலை அருங்காட்சியகத்தின் அகலப் படிக்கட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்தக் கட்டடத்தின் முதுகுப்பக்கம்தான் ஃபேர்மவுண்ட் பூங்கா தொடங்குகிறது. ஆற்றின் இரு கரையிலுமாகச் சுமார் 2,000 ஏக்கர். ஆற்றின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ஷூயில்கில் என்று வரும். ஊர்க்காரர் வாயில் அது ஸ்கூகில். வழி கேட்கும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள்.

பூங்காவுக்குள் 18, 19ஆம் நூற்றாண்டு வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. பூங்காவை அழகுபடுத்தக் கட்டியவை என்றுதான் முதலில் தோன்றும். நடந்தது நேர்மாறு. வீடுகளும் தோட்டங்களும் முன்பே இருந்தன; அவற்றை நகரம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததில் பூங்கா உண்டானது. வாங்கியதற்குக் காரணம் குடிதண்ணீர்.

அதனால் இன்றைய நடையை அருங்காட்சியகத்துக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் பழைய நீரேற்று நிலையத்திலிருந்து தொடங்குவது நல்லது. கோயில் மண்டபங்களைப் போல வெள்ளைத் தூண்களோடு நிற்கும் இந்தக் கட்டடங்களுக்குள் பம்புகள் இருந்தன. ஃபிரெடெரிக் கிராஃப் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1812இல் வேலை தொடங்கி 1815இல் தண்ணீர் ஏறியது. முதலில் நீராவி இயந்திரம். விறகுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1822இல் ஆற்றின் குறுக்கே அணை கட்டி நீர்ச்சக்கரத்துக்கு மாறினார்கள். ஏற்றிய தண்ணீர் குன்றின் உச்சியில் இருந்த நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து சரிவிலேயே நகரத்துக்கு இறங்கும். இன்று அருங்காட்சியகம் உட்கார்ந்திருப்பது அந்த நீர்த்தேக்கத்தின் இடத்தில்.

ஆற்றின் மேல்பக்கத்தில் ஆலைகள் வந்தால் தண்ணீர் கெடும் என்று பயந்த நகரம், அணைக்குச் சற்று மேலே இருந்த லெமன் ஹில் தோட்டத்தை 1844இல் வாங்கியது. 1855இல் அதைப் பொதுப் பூங்காவாக அறிவித்தது. 1867இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தபின் இரு கரைத் தோட்டங்களும் வரிசையாக நகரத்தின் கைக்கு வந்தன. ஆனால் ஆலைகள் இன்னும் மேலே, நகரம் வாங்காத கரையில் இருந்தன. தண்ணீர் கெட்டுக்கொண்டேதான் போனது; மணல் வடிகட்டி நிலையங்கள் வந்து, 1909இல் இந்தப் பம்புகள் நின்றன. தண்ணீருக்காக வாங்கியதில் தண்ணீர் தப்பவில்லை, வீடுகள் தப்பின.

இங்கிருந்து லெமன் ஹில்லுக்கு வழி: ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கெல்லி டிரைவ் ஓரமாக நடங்கள். படகுக் கழகங்களின் வரிசை வரும். அதன் கடைசியில் சிறிய கலங்கரை விளக்கம் ஒன்று தெரியும். ஆற்றுக்குக் கலங்கரை விளக்கமா என்று சிரிக்க வேண்டாம். 1887இல் உண்மையான வேலைக்காகவே கட்டினார்கள். அந்தப் பகுதியில் சாலைக்கு வலப்பக்கம் மேலேறிப் போனால் குன்றின் தலையில் வெளிர்மஞ்சள் வீடு. நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். சாலையைக் கடக்கும்போது மட்டும் கவனம்: கெல்லி டிரைவில் வாகனங்கள் வேகமாக வரும், வளைவுகளில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. போக்குவரத்து விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடக்க வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் திரட்டித் தந்த ராபர்ட் மோரிஸ் 1770இல் இந்த இடத்தை வாங்கினார். பசுமைக்குடில் போட்டு எலுமிச்சை வளர்த்தார். நிலத்தில் அளவுக்கு மீறிப் பணத்தைப் போட்டுத் திவாலாகி, 1798இல் கடனாளிச் சிறைக்குப் போனார். ஏலத்துக்கு வந்த தோட்டத்தில் ஒரு பகுதியை 1799இல் ஹென்றி பிராட் என்ற வணிகர் எடுத்து, அடுத்த வருடம் இப்போதிருக்கும் வீட்டைக் கட்டினார். எலுமிச்சை பெயரில் மட்டும் மிஞ்சிவிட்டது.

வீட்டின் சிறப்பு நடுவிலிருக்கும் நீள்வட்ட அறைகள். மூன்று தளத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. வெளியே, ஆற்றைப் பார்த்த பக்கத்துச் சுவர் வயிறு போலத் துருத்தி நிற்பது அதனால்தான். வாசல் வழியாக உள்ளே வந்தால் முதலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை, நம் வீட்டு ரேழி மாதிரி. அதைத் தாண்டிக் கதவைத் திறந்தால் நீள்வட்டக் கூடம்.

கூடத்தில் பார்க்க வேண்டியது அறைகலன் அல்ல, கதவு. சுவர் வளைவதால் கதவும் வளைந்திருக்கிறது. கணப்படுப்பின் முகப்பும் அப்படியே. வளைந்த கதவைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது தச்சு வேலை தெரிந்தவருக்கு உடனே விளங்கும். பலகை மட்டும் வளைந்தால் போதாது. மேல்கட்டை, கீழ்க்கட்டை, நிலை எல்லாமே ஒரே வளைவில் வர வேண்டும். ஆனால் கீல்களின் அச்சு மட்டும் நேர்செங்குத்தாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மரம் ஈரம் குடித்து நூலளவு விரிந்தாலும் தட்டையான கதவைப்போல ஓரத்தை இழைத்துச் சரிசெய்துவிட முடியாது, வளைவு கெட்டுவிடும். கதவு பாதி திறந்திருக்கும்போது மேல் விளிம்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூடிய கதவில் இது தெரியவே தெரியாது, சுவரோடு கரைந்துவிடும். வழிகாட்டியிடம் கேட்டால் திறந்து காட்டுவார். நீங்களாகத் தொடக் கூடாது.

கூடத்தின் ஜன்னல்கள் தரை வரை இறங்குகின்றன. கீழ்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் ஜன்னலே வாசல். இது கோடை வீடு, ஆற்றுக்காற்றுக்காகக் கட்டியது. பகல் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்துதான் நிறைய வருகிறது. மேகம் மூடிய நாளில் கூடம் பாதி அழகை இழந்துவிடும்.

நகரம் வாங்கியபின் இந்த வீடு பீர்த் தோட்டம், ஐஸ்கிரீம் கடை என்று பல வேடம் போட்டது. 1920களில் கலை அருங்காட்சியக இயக்குநர் ஃபிஸ்க் கிம்பல் இதைச் சீரமைத்து, மனைவியோடு இங்கேயே குடியிருந்தார். கட்டடக்கலை வரலாற்று அறிஞர் அவர். வளைந்த கதவுகளின் மதிப்பு தெரிந்த கண் சரியான நேரத்தில் அமைந்தது.

இரண்டாம் நாள்: மவுண்ட் பிளசண்ட், வெளியிலிருந்து

இன்று குறுகிய குறிப்புதான். கிழக்குக் கரையில் இன்னும் வடக்கே இருக்கும் மவுண்ட் பிளசண்ட் பல சமயம் உள்ளே விடாது. அதற்காகத் தவிர்க்க வேண்டாம். இந்த வீட்டின் பெரும்பகுதி வெளியிலேயே இருக்கிறது.

ஜான் மக்ஃபெர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல்தலைவர், எதிரிக் கப்பல்களைக் கைப்பற்றிச் சேர்த்த பணத்தில் 1762க்கும் 1765க்கும் இடையில் கட்டியது. தலைமைத் தச்சர் தாமஸ் நெவெல். நடுவில் பெரிய வீடு, இரு பக்கமும் சிறிய துணைக்கட்டடங்கள், எல்லாம் ஒரே அளவுக் கணக்கு. சுவருக்குக் கிட்டே போய்ப் பாருங்கள்: செதுக்கிய பெரிய கற்கள் போலத் தெரிவது உண்மையில் ஒழுங்கற்ற கல்சுவர். மேலே காரை பூசி, ஈரத்திலேயே கோடு கிழித்துக் கல்லாகக் காட்டியிருக்கிறார்கள். மூலைகளில் மட்டும் செங்கல். பத்தடி தள்ளிப் போனால் ஏமாற்று வேலை செய்துவிடுகிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் பென்சில்வேனியாவிலேயே நேர்த்தியான மாளிகை என்று இதைப் பாராட்டினார். அந்த நேர்த்திக்குள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் உழைப்பும் இருந்தது. வீட்டைச் சுற்றும்போது அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1779இல் அமெரிக்க விடுதலைப் படைத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்ட் இதை வாங்கினார். குடியேறவே இல்லை. மறு வருடம் அவர் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தது அமெரிக்கப் பள்ளிக்கூடக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த கதை.

இங்கே வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. கைபேசி வரைபடம் வீட்டின் பெயருக்குப் போகாமல், அருகில் ஓடும் ஆற்றோரச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தும். வீடு தலைக்குமேல் குன்றில் தெரியும், ஏற வழி இருக்காது. வரைபடத்தில் வீட்டின் பெயர் கொண்ட பூங்காச் சாலையை இலக்காக வையுங்கள். பூங்காவின் எல்லா வீடுகளுக்கும் இதுவே விதி.

மூன்றாம் நாள்: செடார் குரோவ்

இந்தப் பயணத்தின் மையம் இதுதான். மேற்குக் கரையில், மரங்களுக்கு நடுவே சாம்பல்நிறக் கல்வீடு. லெமன் ஹில்லின் பகட்டு இல்லை, மவுண்ட் பிளசண்ட்டின் மிடுக்கும் இல்லை. கூட்டமும் வராது. ஒரு நாளில் ஒரே வீடுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்லுவோம்.

போகும் வழி: ஜிரார்ட் அவென்யூவில் ஆற்றைக் கடக்கும் டிராம் தடம் உண்டு. பணிக்காக அந்தத் தடத்தில் பேருந்து ஓடும் நாட்களும் இருப்பதால் காலையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிருகக்காட்சிச்சாலை நிறுத்தத்தில் இறங்கி, லான்ஸ்டவுன் டிரைவ் வழியாக வடக்கே நடக்க வேண்டும். மிருகக்காட்சிச்சாலை வேலிக்குள்ளும் ஒரு பழைய வீடு இருக்கிறது: பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேரன் ஜான் பென் 1780களில் கட்டிக்கொண்ட சாலிட்யூட், அதாவது தனிமை. விலங்குகள் 1874இல் வந்து அந்தத் தனிமையைக் கலைத்தன.

நடைவழியில் ஸ்வீட்பிரியார் என்னும் வெள்ளை வீடு முதலில் வரும். சாமுவேல் பிரெக் 1797இல் கட்டியது. அந்த ஆண்டு ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1793இல் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து, சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊரில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டு ஆற்றோர மேட்டுக்கு ஓடினார்கள். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நல்ல காற்று காப்பாற்றும் என்று நம்பினார்கள்.

செடார் குரோவ் அப்படி ஓடிவந்தவர் கட்டியதல்ல. அது இந்த இடத்தில் பிறந்த வீடே அல்ல. நகரின் வடகிழக்கே ஃபிராங்க்ஃபோர்டு பக்கத்தில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் கோட்ஸ் பாஸ்கல் என்ற விதவை 1746இல் நிலம் வாங்கி, 1748 முதல் 1750க்குள் கோடை வீடாகக் கட்டினார். கணவர் போனபின் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வணிகத்தையும் நடத்தியவர். கைமருந்துக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிவைத்தவரும்கூட. வீட்டருகே இருக்கும் மூலிகைப் பாத்திகள் அந்த நினைவுக்குப் பொருத்தமாக இருக்கின்றன.

ஐந்து தலைமுறை அந்த வீட்டைப் பயன்படுத்தியது. பிறகு ரயில் பாதையும் தொழிற்சாலைகளும் நெருங்கின. கோடைக்குக் காற்று வாங்கப் போன இடத்தில் கரிப்புகை. குடும்பத்தின் கடைசி உரிமையாளர் லிடியா தாம்சன் மோரிஸ், வீட்டை நகரத்துக்குக் கொடுத்து, 1926 முதல் 1928 வரை அதைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்ப வைத்தார். குடும்பத்துப் பொருட்களும் கூடவே வந்தன. ஆகவே உள்ளே இருக்கும் நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் எங்கோ ஏலத்தில் வாங்கி நிரப்பியவை அல்ல. வீட்டோடு இருந்தவை. பழைய வீடுகளில் இது அரிது. மூன்று காலத்துப் பாணி ஒரே அறையில் கலந்து கிடக்கும். பாட்டி வைத்ததைப் பேத்தி தூக்கிப் போடாத வீடு எப்படி இருக்குமோ அப்படி.

பெயர்த்து நட்ட கல்வீட்டை எப்படிப் படிப்பது? இடத்தோடு ஒட்டிப் பிறந்த வீடு நிலச்சரிவுக்கு ஏற்ப உட்கார்ந்திருக்கும். கிணறு, தொழுவம், பாதை எல்லாம் அதைச் சுற்றி ஒரு நியாயத்தோடு இருக்கும். வந்த வீட்டுக்கு அந்தச் சுற்றம் கிடையாது. புல்வெளியில் தனியாக, விருந்தாளி போல நிற்கும். கல் பழையதாக இருக்கும், கல்லுக்கு இடையிலுள்ள காரை பழையதாக இருக்காது, ஏனென்றால் பிரிக்கும்போது காரை உதிர்ந்துவிடும். எதையும் காப்பாற்ற முடியாது. அடித்தளமும் அப்படித்தான், புது மண்ணுக்குப் புதிதாகப் போட்டதாகவே இருக்கும். நெருப்பும் புகையும் பட்ட கணப்படுப்புகளை மீண்டும் அடுக்குவதுதான் இந்த மாதிரி வேலையில் பெரிய தலைவலி. வெளியே நின்று இவற்றை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வீடு ஒரே வீச்சில் கட்டியதும் அல்ல. எலிசபெத்தின் பேத்தி சாராவும் அவர் கணவர் ஐசக் விஸ்டர் மோரிஸும் 1790களில் இதை ஏறக்குறைய இரு மடங்காக்கினார்கள். இரட்டைச் சரிவுக் கூரையைத் தலைதூக்கிப் பாருங்கள்: மேலே மெதுவான சரிவு, பாதியில் மடிந்து செங்குத்தாக இறங்கும். ஒற்றைச் சரிவுக் கூரையில் ஓரங்கள் குனிந்து போக வேண்டிய இடமாக வீணாகும். இப்படி மடித்தால் கூரைக்குள்ளேயே ஆள் நிமிர்ந்து நடக்கும் ஒரு மாடி கிடைத்துவிடும். முன்பக்கத் தாழ்வாரம் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. கல் சுவருக்கும் மரத்தாழ்வாரத்துக்கும் வயது வித்தியாசம் இருப்பது சொல்லாமலே தெரியும்.

உள்ளே அடுக்களைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ரொட்டி அடுப்பு வெளியே தனியாக இருக்கும். தீ பிடிக்கும் பயம் ஒன்று, கோடையில் வீடு கொதிக்கும் என்பது இன்னொன்று. இங்கே அதைச் சுவருக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள், வெந்நீர் காய்ச்சும் ஏற்பாடும் சேர்த்து. இத்தகைய அடுப்பு வேலை செய்யும் முறை நம் வெதுப்பகத்து விறகடுப்பு மாதிரிதான்: உள்ளேயே விறகை எரித்து, செங்கல் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வழித்து எடுத்துவிட்டு, அந்தத் தேங்கிய சூட்டில் ரொட்டி வேகும். முதலில் அதிகச் சூடு கேட்கும் ரொட்டி, அடுத்து அப்பவகைகள், கடைசியில் ஆறும் சூட்டில் பழம் உலர்த்தல். வரிசை மாறினால் மேல் கருகி உள்ளே மாவாக நிற்கும்.

மாடியில் இரு பக்கமும் அலமாரிகள் கொண்ட சுவர் ஒன்று உண்டு. அலமாரி என்பது பெரும்பாலும் தனி மரப்பெட்டியாக இருந்த காலத்தில், சுவரையே சேமிப்பிடமாக்கியது புத்திசாலித்தனம். இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். வழிகாட்டியை நிறுத்திக் கேளுங்கள்.

நடைமுறை விஷயங்கள். பூங்காவின் வீடுகள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. செடார் குரோவும் மவுண்ட் பிளசண்டும் கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பு. ஒரு வீடு திறந்திருக்கிறது என்பதால் பக்கத்து வீடும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். கிளம்பும் நாளுக்கு முன்தினம் ஒவ்வொன்றாக விசாரித்துவிடுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், மாடிப்படி குறுகல். கூர்மையான குதிகால் செருப்பு பழைய மரத்தரையைக் குழி விடும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தை மட்டும் பார்த்தாலும் பாதகமில்லை, அடுக்களை அங்கேதான். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள்; அருகில் கடை கிடையாது.

நான்காம் நாள்: ஷோஃபுசோ

மேற்குப் பூங்காவிலேயே இன்னும் உள்ளே, 1876ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்த நிலத்தில், ஷோஃபுசோ என்னும் ஜப்பானிய வீடு. இதுவும் வந்த வீடுதான். ஆனால் செடார் குரோவ் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வந்தது. இது நகோயாவிலிருந்து நியூயார்க் வழியாக வந்தது.

கட்டடக்கலைஞர் ஜுன்சோ யோஷிமுரா. மாதிரி, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து விருந்தினர் மாளிகைப் பாணி. 1953இல் நகோயாவில் செய்து முடித்து, பிரித்துக் கப்பலேற்றி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முற்றத்தில் 1954, 1955 கோடைகளில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி. ஃபேர்மவுண்ட்டில் ஏற்கெனவே ஒரு ஜப்பானியத் தோட்டம் இருந்தது. அங்கே நின்ற பழைய கோயில் வாயில் 1955இல் தீயில் போயிருந்தது. காலியான அந்த இடத்துக்கு 1958இல் வீடு வந்து சேர்ந்தது.

கல்வீட்டைப் பெயர்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நேற்றைய நினைவு ஆறுமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே காரை இல்லை. ஹினோக்கி என்னும் சைப்ரஸ் வகை மரத் தூண்களும் உத்தரங்களும் ஒன்றுக்குள் ஒன்று வெட்டிப் பொருத்தியவை. கழற்றினால் துண்டு துண்டாக வரும், திரும்பப் பூட்டலாம். பயணத்துக்கென்றே பிறந்த மாதிரி.

எளிதில் பூட்ட முடியாதது கூரை. அதே மரத்தின் பட்டையைச் சீவி, மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூங்கில் ஆணியால் அடித்தது. இறவாரத்தின் கீழ் நின்று விளிம்பைப் பார்த்தால் புத்தகத்தின் பக்கங்கள் போல அடுக்குகள் தெரியும். இதற்கு எதிரி மழையல்ல, காயாத ஈரம். இலை விழுந்து தங்கினால், நிழலில் பாசி பிடித்தால், பட்டை மக்கிவிடும். உள்ளூரில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் கிடையாது. சீரமைப்புக்கு ஜப்பானிலிருந்தே கைவினைஞர்கள் வந்தார்கள்.

உள்ளே நகர்த்தும் கதவுகளில் இப்போதிருக்கும் அருவி ஓவியங்கள் ஓவியர் ஹிரோஷி செஞ்சு 2007இல் கொடுத்தவை, மொத்தம் 20. முன்பிருந்தவை 1970களில் விஷமிகளால் பாழாயின. முதல் பார்வையில் வெறும் சாம்பல் வண்ணமாகத் தெரியும்; அறையின் உள்மூலையில் நின்று, தோட்டத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால்தான் தண்ணீர் விழத் தொடங்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: இங்கே வெறுங்காலோடும் போகக் கூடாது, காலுறை கட்டாயம். கால் வியர்வையும் எண்ணெயும் தத்தாமிப் பாயில் கறையாகத் தங்கும், பாயைத் துவைக்க முடியாது. கோடையில் சாதாச் செருப்போடு கிளம்பினால் பையில் ஒரு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளுங்கள். காகிதக் கதவுகளில் சாயாதீர்கள், விரல் பட்டாலே கிழியும்.

தோட்டத்தை வடிவமைத்தவர் தான்சாய் சானோ. அது நடந்து பார்ப்பதற்கு இருப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதற்கே அதிகம் அமைந்தது. குளத்தைப் பார்த்த மரத் தாழ்வாரம் நம் திண்ணையின் வேலையைத்தான் செய்கிறது. பார்வைக்கோடு உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு. நின்றால் இறவாரம் காட்சியின் மேல்பாதியை வெட்டிவிடும். கால் மணி நேரமாவது உட்காருங்கள்.

ஏப்ரலில் செர்ரி பூக்கும் வாரங்களில் தாழ்வாரத்தில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. அப்போது போனால் திறந்த உடனே உள்ளே இருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் இலை சிவக்கும்போது கூட்டம் பாதிதான். குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். மாலையில் மேற்குப் பூங்காவிலிருந்து பேருந்துகள் இடைவெளி விட்டுத்தான் வரும், இருட்டில் பூங்காச் சாலைகளில் நடைபாதையும் விளக்கும் சீராக இருக்காது. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே காலணியை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்குங்கள்.